விற்ற பின் தொடங்கும் பணி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியிலே புதுக்குடியிருப்பு அமைந்திருக்கின்றது. 2009இல் போர் ஓய்ந்தபோது உழவு இயந்திரங்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் அவ்வட்டாரத்தில் துருவேறிய குவியல்களாய்க் கிடந்தன. பின்னர் ஊர் திரும்பிய கமக்காரனுக்கு வேண்டியிருந்தது ஓர் இயந்திரம். கையிலே முழுப்பணம் இல்லை. அவனை நாடி வந்தவர்கள் விற்றது இயந்திரத்தை அன்று; 'லீசிங்' என்னும் கடன் சேவையையே.

பொருளை விற்பவனுடைய வேலை பெரும்பாலும் பணம் கைமாறியதும் தீர்ந்துவிடும். சேவையை விற்பவனுக்கோ கையொப்பம் வாங்கிய நாளில்தான் வேலை தொடங்குகின்றது. ஆயினும், மாத முடிவில் எத்தனை ஒப்பந்தம் பிடித்தாய் என்றே முகாமையாளர் கேட்பாராயின், விற்பனையாளன் எண்ணிக்கையைத்தான் தேடுவான்; தவணை கட்டும் வல்லமையைத் தேடான். அவனை மட்டும் நோவதில் நியாயமில்லை.

இச்சிக்கலைச் சிங்கர் தையல் இயந்திரக் கம்பனி முன்னரே கண்டது. 1856இல் அது தவணை முறையைத் தொடங்கியது. வீடுவீடாகச் சென்று இயந்திரத்தை விற்றவனே தவணைப் பணத்தையும் சேகரிக்கும் முறை பிற்காலத்தில் வேரூன்றியது. விற்பனைக்கும் தரகு, வசூலுக்கும் தரகு. கட்ட இயலாதவர் தலையில் இயந்திரத்தைக் கட்டினால், வாரந்தோறும் அந்தப் படலையில் வெறுங்கையோடு நிற்பவன் அவனே அல்லவா?

வன்னியில் நுண்கடன் வந்தபோது இத்தகைய கட்டுப்பாடு போதியதாக இருக்கவில்லை. ஒரே பெண் பல நிறுவனங்களிடம் கடன்பட்டு, ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்கினாள். 2018இல், வறட்சியுற்ற மாவட்டங்களிலே நிலுவையில் கிடந்த, பெண்களின் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசாங்கமே முன்வர நேர்ந்தது. முல்லைத்தீவும் அம்மாவட்டங்களுள் ஒன்று.

ஆதலால் தரகின் ஒரு பங்கை இறுதித் தவணை வரை நிறுத்திவைத்தல் நன்று. விற்பனையாளனை ஆண்டுதோறும் ஊர் மாற்றாதிருத்தல் அதனினும் நன்று. கடன் கொடாது திரும்பி வந்தவனையும் வேலை செய்தவனாகவே கணக்கில் கொள்ளவேண்டும். காலபோக நெல் வீடு வரும் காலமும் கச்சான் விலைபோகும் காலமும் அறிந்தவன், தவணை நாளையும் அவற்றை ஒட்டியே குறிப்பான். அந்த அறிவு ஓர் ஊரிலே இரண்டு மூன்று போகம் நடந்து திரிந்தவனுக்கே வாய்க்கும்.