தோளைத் தாங்கும் தசைகள்

(ஆயர் தாவார் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



முதுகின் மேற்புறத்தில் இரு பக்கமும் முக்கோண வடிவில் தட்டுப்படுவதே தோள்பட்டை எலும்பு. விலா எலும்புகளோடு அதற்கு நேரடி மூட்டு இல்லை. காறை எலும்போடும் கையெலும்போடும் மட்டுமே மூட்டு உண்டு. மற்றபடி அதனைத் தாங்கி நிற்பவை 17 தசைகளே. அவற்றுள் நான்கு, கையெலும்பின் தலையைச் சூழ்ந்து பற்றி, மூட்டுக்குழியில் நிலைநிறுத்துகின்றன.

பால் வாளியின் பாரம் இத்தசைகளின் மீதே விழுகிறது. ஆகவே, நிறைவாளியை ஒரே கையில் சுமக்காதீர். இரு கைகளுக்கும் பகிர்ந்து சுமப்பீர். கையை உயர்த்துகையில் வலி நீடித்தால், தைலம் தேய்த்து மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவீர். செய்யும் வேலையையும் அவரிடம் கூறுவீர். தொழிலால் நேரும் நோய்க்கும் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு.

தோள் நலமே தொழிலாளியின் முதல்.