நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு



மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்ப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொருவர் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அவர் எப்பொழுது வந்தார், எப்பொழுது போனார் என்று ஊரார் கவனிப்பதில்லை. வயலில் தண்ணீர் நின்றால்தான் அவர் நினைவு வரும்!

கணிப்பொறி உலகிலும் இத்தகைய நீர்க்கட்டிகள் உண்டு. பலருக்கும் ஒரே சமயத்தில் பணி செய்யும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். அதனுள்ளே, திரையில் முகங்காட்டாமல் பின்னணியில் ஓயாது இயங்கும் நிரல்கள் பல. அவற்றுக்கு 'டீமன்' என்று பெயர். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் 'மேக்' திட்டத்தினர் இப்பெயரை வழங்கத் தொடங்கினர். வாயு மூலக்கூறுகளை வேகம் பார்த்துப் பிரித்துவிடுவதாக மாக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் கற்பனை செய்த வாயில்காப்போனை நினைந்து இட்ட பெயர் அது. அவனும் ஒருவகை நீர்க்கட்டிதான் அல்லவா?

அவற்றுள் சேமிப்புப் பணி செய்யும் நிரலை மட்டும் இன்று பார்ப்போம். நாம் அனுப்பும் விவரங்களை வாங்கி வட்டில் எழுதி வைப்பது அதன் வேலை. நினைவகத்தைவிட வட்டு மெதுவானது. ஆதலால் இந்நிரல்களுட் பல, வந்த விவரங்களை முதலில் நினைவகத்தில் ஏந்திக்கொண்டு, பின்னர் மொத்தமாக வட்டில் எழுதுகின்றன. நமக்கோ, அனுப்பிய கணமே எல்லாம் பத்திரமாகிவிட்டதாகத் தோன்றும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

இளமையில் நான் ஒரு கல்லூரியில் சர்வரைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். பரீட்சை விண்ணப்பங்கள் பதிவாகிக்கொண்டிருந்த ஒரு மாலையில், சேமிப்பு நிரல் சற்றே தயங்கியது. பொறுமையிழந்த நான் அதை வலுக்கட்டாயமாக நிறுத்தி மீண்டும் தொடங்கினேன். நிரல் உடனே எழுந்தது, நானும் மகிழ்ந்தேன். மறுநாள் பார்த்தால், கடைசியாகப் பதிந்த மாணவர் சிலருடைய பெயர்களைக் காணோம்! காகித விண்ணப்பங்கள் கையில் இருந்தமையால் அவர்கள் பரீட்சை தப்பியது. இரவு முழுவதும் உட்கார்ந்து மீண்டும் பதிந்தேன். "தம்பி, தண்ணீரை நிறுத்த மடையை இடிப்பார்களா?" என்று மட்டும் கேட்டார் மூத்த அலுவலர். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

முறையாக நிறுத்துவது எப்படி? இன்று லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் 'சிஸ்டம்டி' என்னும் மேலாளர் நிரல் உண்டு, 2010-இல் வெளிவந்தது. நிறுத்துமாறு அதற்குக் கட்டளையிட்டால், அது முதலில் 15-ஆம் எண் சைகையை அனுப்புகிறது. 'வேலையை முடித்துக்கொள்' என்பது அதன் பொருள். நன்கு அமைந்த சேமிப்பு நிரல் புதிய கோரிக்கைகளை ஏற்காமல், கையிலுள்ளதை வட்டில் எழுதிவிட்டு விடைபெறும். பொதுவாக 90 விநாடி வரை மேலாளர் காத்திருக்கும். அதற்கும் அடங்காவிட்டாலே 9-ஆம் எண் சைகை செல்லும். அதை எந்த நிரலும் மறுக்க இயலாது. எதையும் எழுதி வைக்க அவகாசமும் இல்லை. நான் அன்று முதலிலேயே அனுப்பியது அந்த ஒன்பதைத்தான்.

தொடங்குவதற்கும் வரிசை உண்டு. முதலில் வட்டு இணைந்திருக்க வேண்டும். பிறகு நிரல் தன் குறிப்பேட்டைப் படித்து, பாதியில் நின்ற வேலை ஏதேனும் உண்டா என்று ஆராயும். அதன் பின்னரே பிறருக்குக் கதவு திறக்கும். கரையைச் சோதியாமல் கண்மாயில் நீரைப் பெருக்குவார் உண்டோ?

1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணையை நீங்கள் அறிவீர்கள். நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை; 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. கரையோர மக்கள் விலகிக்கொள்ள அவகாசம் தந்த பிறகே உபரிநீரைத் திறந்துவிடுகின்றனர். அணையாயினும் சர்வராயினும் நியாயம் ஒன்றே.

மாணவ நண்பர்களே, நாளை உங்கள் கையிலும் ஒரு சர்வர் ஒப்படைக்கப்படலாம். அதில் இருப்பவை வெறும் எழுத்துகள் அல்ல. யாரோ ஒருவருடைய பரீட்சை, யாரோ ஒருவருடைய சம்பளம். நிறுத்தும் முன் ஒரு சொல் சொல்லுங்கள், சற்றே காத்திருங்கள்.