குழந்தைத் துணிக்கு எலாஸ்டிக் வைப்பது எப்படி?
(குமராட்சி வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "நீங்க சொல்லிக் குடுத்தபடிதானே தைச்சேன், ஏன் திரும்பி வருது?" என்று கேட்டாங்க. அன்றைக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

நம்ம ஊரில் பிள்ளை பிறந்தால் பாட்டியின் பழைய புடவை, தாத்தாவின் பழைய வேட்டி, இதுதான் முதல் துணி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. அதை மூன்று மூலையாக மடித்துக் கட்டுவோம். குறை என்னவென்றால் தொடை ஓரத்தில் இடைவெளி விடும், எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்குத்தான் கடையில் பேம்பர்ஸ் வாங்குகிறோம். போட்டுக் கழற்றியதை வாய்க்காலிலும் வேலி ஓரத்திலும் எறிகிறோம். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே இதைத் தனியாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றன. நம்ம கிராமத்தில் யார் சுற்றினோம், சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த அக்கா குழுவில் உள்கடன் எடுத்து, துணியும் எலாஸ்டிக்கும் வாங்கி, தைத்து நாலு தெரு விற்றாங்க. பாதிக்கு மேல் திரும்பி வந்தது. சிலவற்றில் இழுத்தவுடன் தையல் பட்டென்று அறுந்தது. சிலவற்றில் பாப்பா தொடையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. தவணை கட்ட முடியாமல் கூட்டத்தில் பேச்சு வாங்கினாங்க. உண்மையைச் சொல்கிறோம், அதில் தவறு எங்களுடையது. எல்லா அளவுக்கும் ஒரே நீள எலாஸ்டிக் என்று சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான்.

தையல் ஏன் அறுகிறது? நம்மிடம் இருப்பது கால் மிதி மிஷின். நேர்த்தையல் மட்டும்தான் போடும். எலாஸ்டிக்கைத் தளர்வாக வைத்து மேலேயே நேர்த்தையல் அடித்தால், எலாஸ்டிக் நீளும், நூல் நீளாது. அப்புறம் அறாமல் என்ன செய்யும்? ஜிக்ஜாக் போடுகிற மிஷினில் தையல் வளைந்து வளைந்து போவதால் இழுப்புக்கு இடம் கொடுக்கும். அதற்காக உடனே கடன் போட்டுப் புது மிஷின் வாங்க வேண்டாம். வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. பாவாடைக்கு நாடா கோர்க்கிறோமே, அதே மாதிரிதான்.

தொடை ஓரம் வளைவாக இருப்பதால் அப்படியே மடித்தால் சுருக்கம் விழும். ஜாக்கெட் கழுத்துக்கு வைக்கிற மாதிரி ஒரு இஞ்ச் அகலத்தில் கிராஸ் பீஸ் வெட்டுங்கள். இரண்டு நூல் விட்டு ஓரத்தில் தைத்து, வெளிப்பக்கம் திருப்புங்கள். உள்பக்கம் திருப்பினால் அந்தத் தடிப்பு பிள்ளையின் தொடையில் உரசும். இன்னொரு ஓரத்தை இரண்டு நூல் மடித்துத் தைத்தால், கால் இஞ்ச் எலாஸ்டிக் தாராளமாக ஓடுகிற குழாய் கிடைத்துவிடும். ஆனால் முன்னும் பின்னும் மூன்று இஞ்ச் எலாஸ்டிக் இல்லாமல் சப்பையாக விடணும். சுருக்கம் நடுவில் மட்டும் இருந்தால் போதும்.

அளவு எப்படி? நடுப்பகுதி பத்து இஞ்ச் என்றால் எலாஸ்டிக் ஆறு இஞ்ச், இரண்டு முனையிலும் தைத்துப் பிடிக்க அரை அரை இஞ்ச் கூடுதல். பெரிய அளவு தைக்கும்போது எலாஸ்டிக்கும் அதே கணக்கில் கூடணும். நாங்கள் விட்டது இதைத்தான். வெட்டுவதற்கு முன் எலாஸ்டிக்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள், சிலது சுருங்கும். பத்து தடவை இழுத்து விடுங்கள், பழைய நீளத்துக்கு வரவில்லையென்றால் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஊக்கு மாட்டி உள்ளே கோர்த்து, முதல் முனை உள்ளே ஓடிப்போவதற்குள் முன்னும் பின்னும் நாலு தையல் அடித்துவிடுங்கள். பிறகு அடுத்த முனையை இழுத்து அதே மாதிரி. எலாஸ்டிக் மேல் தையல் படுவது இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான்.

தைத்ததும் விற்கக் கூடாது. முதலில் ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். தொடைக்கும் துணிக்கும் நடுவில் உங்கள் விரல் ஒன்று சிரமமில்லாமல் போகணும். கழற்றிய கொஞ்ச நேரத்தில் மறையாத கோடு இருந்தால் பிரித்துத் தையுங்கள். கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் செய்தபோது, கேட்டவர்கள் கூச்சப்பட்டுப் பதில் சொல்லாததால், பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் ஊற்றித் தானே கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர் அவர். நமக்கு அவ்வளவு பாடு இல்லை, பக்கத்து வீட்டுப் பாப்பா இருக்கிறது!

விற்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். இது நனையும் துணி, நனைந்தவுடன் மாற்றணும். நனையாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைக்காதீர்கள், காற்றுப் போகாமல் புண் வரும். எலாஸ்டிக் உள்ளதைக் கொதிக்க வைக்கக் கூடாது, பிளீச்சிங் பவுடரும் ஆகாது, ரப்பர் செத்துவிடும். உள்ளே மடித்து வைக்கிற வேட்டித் துணியைத் தனியாக வைத்தால் அதை மட்டும் கொதிக்க வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கம் எதுவும் காயாது. அதனால் அந்த மாதங்களில் கூடுதலாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

விலை போடும்போது துணி, எலாஸ்டிக், நூல், சிதம்பரம் போய்வந்த பஸ் செலவு எல்லாம் எழுதுகிறீர்கள். உங்கள் கூலியை மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஏன் அக்கா?

அந்த அக்கா திரும்பி வந்ததையெல்லாம் பிரித்து, நாம் இப்போது சொன்ன மாதிரியே மறுபடி தைத்திருக்காங்க. இன்னும் இரண்டு தவணை பாக்கி. குழுவும் பொறுத்துக்கொண்டது. வரும் வியாழக்கிழமை கூட்டத்துக்குப் பழைய வேட்டி ஒன்று, கத்தரிக்கோல், ஊக்கு எடுத்து வாருங்கள். இந்த முறை சொல்லித் தரப்போவது நாங்கள் இல்லை, அவங்கதான்.