யாருக்குக் கை உயர்த்துவீர்கள்?

கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, தம்பிமார்களே!

மலையகத்தில் கட்சிகள் சின்னம் மாறும் வேகத்தில் நம்ம பட்டிப்பொல ரயில் ஓடினால், காலையில் ஏறிப் பகல் சோற்றுக்குக் கொழும்பில் இருக்கலாம். 2015 பொதுத் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் கேட்டது வெற்றிலையில். 2020இல் மொட்டு. 2024இல் யானை. மனோ கணேசன், திகாம்பரம், இராதாகிருஷ்ணன் மூவரும் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணியும் யானையில் தொடங்கித் தொலைபேசிக்குப் போனது.

அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. அடுத்த வருடமே குடியுரிமையைப் பறித்தார்கள். அப்படிப்பட்ட சமூகம் துணை தேடத்தான் வேண்டும்.

ஆனால் பிரதேச சபையில் உண்மையான கூட்டணி, நாம் ஒரே ஒரு புள்ளடி போட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் பிறக்கிறது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல் என்ற இந்த முறையில் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் பாதி கிடைப்பதில்லை. அப்போது உள்ளூராட்சி ஆணையாளர் முதல் கூட்டத்தைக் கூட்டி, தவிசாளருக்கு வாக்கெடுப்பு நடத்துவார். பகிரங்கமா, இரகசியமா? அதையும் உறுப்பினர்களே தீர்மானிப்பார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு!

2025 ஜூனில் கொழும்பு மாநகர சபையில் என்ன நடந்தது? 117 பேரில் தேசிய மக்கள் சக்திக்கு 48 பேர். இரகசிய வாக்கெடுப்பில் அவர்களுடைய வேட்பாளருக்கு 61 வாக்கு. மிச்சம் 13 பேர் யார் யார் என்று வாக்குச்சீட்டு சொல்லாது. அந்த 13 பேருக்கு வாக்களித்த மக்களுக்கு அது தெரிய வேண்டாமா?

நமக்கு இது வெறும் நாற்காலிச் சண்டை இல்லை. சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடப் பிரதேச சபைச் சட்டமே தடையாக நின்றது, 2018இல்தான் திருத்தினார்கள். இனி லயத்துப் பாதையும் தெருவிளக்கும் தவிசாளர் மேசைக்குத்தான் போகும். இரண்டு வருடம் உனக்கு, இரண்டு வருடம் எனக்கு என்று பேசி முடிப்பவர்கள், அந்தப் பாதையைப் பற்றியும் ஒரு வரி பேசட்டுமே!

அடுத்த முறை வேட்பாளர் லயத்து வாசலுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: “பெரும்பான்மை இல்லாவிட்டால் யாருக்குக் கை உயர்த்துவீங்க? அதுக்குப் பதிலா எங்க தோட்டத்துக்கு என்ன கேட்டு வாங்குவீங்க?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய பிறகு புள்ளடி போடுங்கள்.