ஆட்களை நிர்வகிப்பவருக்கு அத்தாட்சி வேண்டாமா?

(கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டக் கிளைகளின் செயலாளர்களும் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலை வேலையை முடித்துவிட்டு, குளித்துச் சாப்பிட்ட கையோடு இங்கே வந்திருக்கிறீர்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். களும்பாங், கெர்லிங் பக்கத்துத் தோழர்களும் நெடுந்தூரம் கடந்து வந்திருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரு தோட்டத்தில் யார் யாருக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருக்கு வேண்டும். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. செம்பனை ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் பரீட்சை எழுதித் தேறியிருக்க வேண்டும். லோரி ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து, ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாதுகாப்பு அதிகாரி இல்லாத பட்சத்தில், அதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளரையாவது முதலாளி நியமிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் உங்களை வேலைக்கு எடுப்பவர், சர்வீசைக் கணக்கு வைப்பவர், லீவு கொடுப்பவர், குற்றச்சாட்டு எழுந்தால் விசாரிப்பவர், கடைசியில் வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் இருக்கிறாரே, அவர் எதைப் படித்திருக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் ஒன்றும் கேட்பதில்லை. முன்பு பெரிய கிராணி என்றோம். இப்போது எச்.ஆர். என்கிறார்கள், மனிதவள அதிகாரி என்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது. கொதிகலன் வெடித்தால் சத்தம் கேட்கும். ஒரு குடும்பத்தின் பதினெட்டு வருட சர்வீஸ் ஏட்டிலிருந்து மறைந்துபோனால் சத்தமே கேட்காது. சட்டம் ஒன்றுக்குச் சான்று கேட்டு மற்றதை விட்டுவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர் கங்காணி. அவருடைய யோக்கியதை என்ன? ஊரில் நாலு பேரைத் தெரியும், கப்பலேற்றிக் கொண்டுவரத் தெரியும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு வாங்கினார். ஆள் சேர்ப்பவரும், மேய்ப்பவரும், கடன் கொடுப்பவரும் ஒருவரே. உதவியோடு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தியது. கங்காணியின் கை தளர்ந்தது. ஆனால் அவர் இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து உட்காரவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்தியது. கூலி உயர்வு மட்டுமே அதன் கோரிக்கை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. கொடுமை செய்யும் தோட்ட உத்தியோகஸ்தர்களை நீக்கி, தமிழ் படித்தவர்களை அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் கோரிக்கை. துரையையோ உத்தியோகஸ்தரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கை. பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் கோரிக்கை. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். ஆட்களை நடத்துகிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற கேள்வியை மலாயாத் தொழிலாளி அன்றே எழுப்பிவிட்டான். சான்றிதழ் என்ற வார்த்தையை மட்டும் அவன் சொல்லவில்லை.

வெளி உலகில் இது எப்படி நடந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறோம். இங்கிலாந்தில் 1913இல் யார்க் நகரத்து ரவுண்ட்ரீ மிட்டாய்த் தொழிற்சாலையில் கூடி, தொழிலாளர் நலம் பார்ப்பவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுவே வளர்ந்து 2000ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றது. இன்று அதன் சான்று பல நாடுகளில் செல்லுபடியாகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானது இந்தியாவின் கதை. ஆலைகளில் ஆள் சேர்க்கும் மேஸ்திரிமார் லஞ்சம் வாங்குவதை விட்லி கமிஷன் விசாரித்து, 1931இல் அறிக்கை கொடுத்தது. ஆள் எடுப்பதை மேஸ்திரி கையிலிருந்து பறித்து, தொழிலாளர் அதிகாரி என்று ஒருவரிடம் கொடுங்கள் என்றது. பிறகு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாத ஆலையில் நல அதிகாரி வேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 பேருக்குக் குறையாத தோட்டத்துக்கும் அதையே விதித்தது. அந்த அதிகாரி என்ன படித்திருக்க வேண்டும் என்பதை மாநில அரசாங்கங்கள் விதிகளில் எழுதின. இந்த வேலைக்கு ஆட்களைப் பயிற்றவும் பள்ளிகள் எழுந்தன. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் சமூகப் பணிப் பள்ளியை 1952இல் தொடங்கினார். அந்தப் பழைய சட்டங்களை 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். அதிலும் நல அதிகாரிக்கு இடம் இருக்கிறது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நல அதிகாரி முதலாளியின் சம்பளத்தில் இருப்பவர்தான். ஆனால் அந்த நாற்காலிக்குப் படிப்பு வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவைத்தார்களே, அது நம் தோட்டங்களுக்கு இன்னும் வரவில்லை.

சரி, படித்தவர் உட்கார்ந்தால் நமக்கு என்ன வித்தியாசம்? ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பதினெட்டு வருடம் பால் வெட்டிய ஒரு தாய். நடுவில் ஒரு சமயம் அவரைக் காண்ட்ராக்ட்காரர் பெயரில் மாற்றிவிட்டார்கள். பிறகு மீண்டும் தோட்டத்துச் செக்ரோலில் எழுதினார்கள். மரமும் அதே, வெட்டும் அதே. தோட்டம் கைமாறுகிறது, ஆட்களை நிறுத்துகிறார்கள். 1980ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சர்வீசுக்கு வருடத்துக்கு 10 நாள் கூலி, ஐந்து வருடத்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். பதினெட்டு வருடம் என்று கணக்கிட்டால் 360 நாள் கூலி. மீண்டும் எழுதிய நாளிலிருந்து ஆறு வருடம் என்று கணக்கிட்டால் 120 நாள். 240 நாள் கூலி ஒரு கிராணியின் பேனா முனையில் நிற்கிறது. அந்தக் கிராணி கெட்ட எண்ணம் படைத்தவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சர்வீஸ் தொடர்ச்சி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

இதோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவேடுகளை ஆறு வருடம் வரை பத்திரப்படுத்தினால் போதும் என்கிறது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். பதினெட்டு வருடத்து ஏட்டை ஆபீசில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அது குற்றமும் ஆகாது. பயிற்சி பெற்றவர் இதை அறிந்து, பழைய சர்வீசை ஆளுக்கொரு கோப்பில் குறித்து வைப்பார். பயிற்சி இல்லாதவர் பழைய ஏடுகளைக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, இடம் காலியாயிற்று என்று சந்தோஷப்படுவார்.

விசாரணையும் அப்படித்தான். தவறு செய்தார் என்று ஒருவரை நீக்குமுன் முறையாக விசாரிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 14ஆம் பிரிவு. விசாரணைக்காக நிறுத்தி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த நாட்களுக்குப் பாதிக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்றால் பிடித்த மீதியும் திரும்பி வரவேண்டும். புகார் கொடுத்தவரே விசாரணை மேசையில் நீதிபதியாக உட்காரக்கூடாது என்பது படித்தவருக்கு அரிச்சுவடி. பெண்கள் பாலியல் தொல்லை பற்றிப் புகார் செய்து, முதலாளி விசாரிக்க மறுத்தால், 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். இது தெரிந்த ஒருவர் ஆபீசில் இருந்தால், புகார் சொல்ல வந்த பெண்ணை, "போம்மா, பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பமாட்டார்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதன் விலை இப்போது தெரிந்திருக்கிறது. கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் 2020 டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தது. கம்பெனி ஆள்சேர்ப்புக் கட்டணத்தை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, வேறு திருத்தங்களும் செய்த பின், 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. தலைக்காசுக் காலத்துப் பிரச்சினையே வேறு உருவில் வந்தது போல இருக்கிறது, பாருங்கள். வேலை ஒப்பந்தத்தையும் கடப்பிதழையும் கூலிச் சீட்டையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தோட்டக் கம்பெனிகளில் இப்போது தேவை இருக்கிறது. அந்த இடத்துக்கு நம் பிள்ளைகள் ஏன் போகக்கூடாது? லயத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்த தோட்ட வாழ்க்கை, கோலாலம்பூரில் படித்து இறங்கியவனுக்குத் தெரியுமா?

இங்கே உடனே ஒரு தோழர் எழுந்து, "எச்.ஆர். என்றால் முதலாளியின் ஆள்தானே, நம் பிள்ளையை எதிர்ப்பக்கம் அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. அதில் ஒரு நஷ்டம் உண்டு என்பதையும் நாங்கள் மறைக்கப் போவதில்லை. நிர்வாகம், இரகசியம் சம்பந்தப்பட்ட உத்தியோகத்துக்குப் போனவருக்காகச் சாதாரணத் தொழிலாளர்களின் சங்கம் பேரம் பேச முடியாது என்று 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் சொல்கிறது. ஆகவே பதவி உயர்ந்து போகும் கிராணி நம் பாதுகாப்பை விட்டும் போகிறார். ஆயினும், சட்டம் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்தால் பேச்சுவார்த்தை பாதியில் முடியும். தெரியாதவர் உட்கார்ந்தால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்பதை எங்கள் கிளைச் செயலாளர்கள் அறிவார்கள். அன்றியும், இந்தப் படிப்பு முதலாளிக்கு மட்டும் சொந்தமா? அநியாயமாக வேலை நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுப்போட வேண்டும் என்பதை அறிந்து, தேதி தவறாமல் எழுதிக் கொடுக்கச் சங்கத்துக்கும் அதே படிப்புப் படித்தவர் வேண்டும்.

எப்படிப் பெறுவது? வேலையில் ஏற்கெனவே இருக்கும் கிராணிமார்களும் மேற்பார்வையாளர்களும் வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்பதில்லை. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. அதில் ஐந்து படிகள். மேலே உள்ள இரண்டும் டிப்ளோமா. அனுபவத்தை வைத்தே அங்கீகாரம் பெறும் வழியும் அதில் உண்டு, பி.பி.தி. என்பார்கள். நீங்கள் செய்த வேலைக்கு அத்தாட்சிகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும்; மதிப்பிடுபவர் அதைச் சோதித்து, உங்களையும் கேள்வி கேட்பார். இருபது வருடம் செக்ரோல் எழுதியவரிடம் அத்தாட்சிக்கா பஞ்சம்? மனிதவளத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு, மலேசிய மனிதவள நிர்வாகக் கழகம் நடத்தும் படிப்புகள் இருக்கின்றன.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தும் அதற்கு மேலும் உள்நாட்டு ஊழியர் உள்ள முதலாளி, சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வெள்ளி வீதம் பயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும். 2001ஆம் ஆண்டின் சட்டம் அது. 2021 மார்ச் முதல் விவசாயத் துறையும் அதில் வந்தது. அந்தப் பணம் உங்கள் கூலியிலிருந்து பிடிக்கும் பணமல்ல, முதலாளி தரவேண்டியது. உங்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகவே அது கட்டப்படுகிறது. பல தோட்டங்களில் கேட்பார் இல்லாததால் அதைத் தலைமை ஆபீஸ் அதிகாரிகளின் ஓட்டல் வகுப்புகளுக்கே செலவு செய்கிறார்களோ என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு நாளில் சான்றிதழ், வீட்டுக்கே அனுப்பிவைப்போம் என்று கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களை நம்பிச் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் கட்டுமுன் அந்த மையம் திறன் மேம்பாட்டு இலாகாவில் பதிவானதா என்று விசாரியுங்கள். வெளிநாட்டுச் சான்றுகள் நல்லவைதான், ஆனால் டாலர் கணக்கில் செலவாகும். அமெரிக்கச் சான்றுகளை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். தோட்டத்துக் கிராணிக்கு முதல் படியாக அது தேவையில்லை என்பதே எங்கள் யோசனை.

இனிச் செய்யவேண்டிய காரியம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் மூன்று தாள்களைக் கொண்டுவாருங்கள்: வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதம், ஊழியர் சேமநிதிக் கணக்கு அறிக்கை, கைக்குக் கிடைத்த பழைய சம்பளச் சீட்டு ஏதேனும் ஒன்று. எந்தெந்த மாதம் யார் பெயரில் பணம் கட்டினார் என்பது சேமநிதி அறிக்கையில் இருக்கும். படிக்கச் சம்மதிக்கும் கிராணிமார்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அன்று அவர்களையே மேசையில் உட்கார வைத்து, உங்கள் தாள்களைப் பார்த்துச் சர்வீஸ் கணக்கு எழுதச் செய்வோம்.