உடலும் ஓர் அமானிதமே!

 



போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வரும் வியாபாரி, மாதிரிக் காயைக் கையில் அள்ளி, நிறமும் பருமனும் பார்த்த பிறகே விலை சொல்கிறார். சாயம் ஏற்றிய காய் என்று ஐயம் எழுந்தால் ஒதுக்கி விடுகிறார். ஆனால், நிகாஹ் நாள் குறித்த மகளின் முகத்தில் ஒருவர் ஊசி போடவோ, அமிலம் பூசித் தோலை உரிக்கவோ முன்வந்தால், "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்கத் தயங்குகிறோம். சரக்குக்குக் காட்டும் கவனத்தை, அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடலுக்குக் காட்ட வேண்டாமா?

2016 மே மாதம் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர், உடல்நிலை மோசமாகி வேலூரில் மரணமடைந்தார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்! அந்த நிலையத்துக்கு முடிதிருத்தகத்துக்கான உரிமமே இருந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். அது மூடி முத்திரையிடப்பட்டது. மருத்துவம் பயின்றவருக்கே இக்கதி நேருமாயின், பாமரர்களாகிய நம் நிலை என்ன?

முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே இத்தகைய சிகிச்சைகளைச் செய்ய வேண்டும். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது.

அன்பிற்கினியவர்களே! இந்நீதியை நம் மார்க்கம் என்றோ உணர்த்திவிட்டது. மருத்துவ அறிவு உடையவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. "நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்" என்னும் சொல் அவரது பொறுப்பை நீக்காது.

மார்க்கம் சிகிச்சையைத் தடுக்கவில்லை. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, தங்க மூக்கு பொருத்திக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். குறையைச் சீர்செய்வது வேறு. அல்லாஹ் தந்த நிறத்தையே குறையென எண்ணுவது வேறு.

மருதாணியும் ஒப்பனையும் செய்து ஹலாலாகப் பொருளீட்டும் சகோதரிகளை நாம் குறை கூறவில்லை. ஊசி, கத்தி, லேசர், மருந்து ஆகியவை தொடங்கும் இடத்தில் அவர்களின் எல்லை முடிகிறது. அதை அவர்களும் உணர வேண்டும்; நாமும் அவர்களை வற்புறுத்தக் கூடாது.

எனவே, சிகிச்சைக்கு முன் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மங்கு, தழும்பு போன்றவற்றுக்குத் தோல் மருத்துவரை நாடுங்கள், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டாரே! பெண்ணின் நிறத்தைக் கேட்காதீர்கள். போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் பறித்து ஒரு தாய் சேர்த்த கூலி, உங்கள் ஒரு சொல்லுக்கு அஞ்சி, அறியாத கைகளுக்குப் போய்ச் சேருகிறது. மறுமையில் அச்சொல்லுக்கும் கேள்வி உண்டு.

அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.