டம்ளரில் ஒரு சாப்பாடு: யாருக்கு, எத்தனை நாளைக்கு?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு கிளப் ஹவுஸில் நடந்த உடல்நலப் பேச்சின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். செக்யூரிட்டி மேசையில் வந்து இறங்கும் பார்சல்களில் ஊட்டச்சத்து பவுடர் டப்பாக்கள் அதிகமாகிவிட்டன. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் கலக்கிக் குடிக்கிறார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலர் ராத்திரி அடுப்பே பற்றவைப்பதில்லை, ஒரு டம்ளரோடு முடித்துக்கொள்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். யார் குடிக்கிறார்கள், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

சாப்பாட்டையே நிறுத்திவிட்டுப் பவுடரில் வாழலாம் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பேசவைத்தவர் ராப் ரைன்ஹார்ட். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த இளம் மென்பொருள் பொறியாளர். உடம்புக்கு வேண்டிய சத்துகளைப் பட்டியல் போட்டு, தனித்தனியாக வாங்கிக் கலந்து, 30 நாள் அதையே முக்கிய உணவாகக் குடித்ததாக 2013-ல் எழுதினார். அதுதான் பிறகு ‘சாய்லென்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அவருடைய முதல் கலவையில் இரும்புச்சத்து விட்டுப்போயிருந்தது. நெஞ்சு படபடத்த பிறகுதான் அது தெரிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவர் கவனக்குறைவானவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெரிய மருத்துவர்களுக்கே இது நடந்திருக்கிறது. குடல் வேலை செய்யாத நோயாளிகளுக்கு எல்லாச் சத்தையும் ரத்தக்குழாய் வழியாகவே கொடுக்கும் முறை 1960களின் கடைசியில் அமெரிக்காவில் வெற்றி பெற்றது. பல உயிர்களைக் காப்பாற்றிய முறை அது. ஆனால் மாதக்கணக்கில் அதிலேயே இருந்தவர்களுக்கு 1970களில் புதுப்புதுக் கோளாறுகள் வந்தன. காரணத்தைத் தேடியபோது துத்தநாகம் போதவில்லை, செலினியம் போதவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பட்டியல் நீண்டது. ஆகவே டப்பாவில் ‘முழுமையான உணவு’ என்று போட்டிருந்தால், ‘இன்றுவரை தெரிந்த பட்டியல்படி முழுமை’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பவுடரே கூடாதா? அப்படியும் இல்லை. குரோன்ஸ் என்ற குடல் நோய் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வேறு எதுவும் கொடுக்காமல் திரவ உணவு மட்டும் கொடுப்பது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. பிரிட்டனில் ‘டைரக்ட்’ என்ற ஆய்வின் முடிவு 2017-ல் வெளிவந்தது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, உடல் எடை கூடிய டைப் 2 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். 3 முதல் 5 மாதம், தினமும் சுமார் 825 முதல் 853 கலோரி, எல்லாம் சூப்பும் ஷேக்கும்தான். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே தொடங்கிவிடாதீர்கள். அந்த ஆய்வில் முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவக் குழு நிறுத்தியது. திரவ உணவு முடிந்ததும் படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நீங்கள் மாத்திரையையோ இன்சுலினையோ அதே அளவில் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் டம்ளருக்கு மாற்றினால், சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். நடுராத்திரியில் தனியாக இருக்கும்போது அது உயிருக்கே ஆபத்து.

இன்னும் இரண்டு பேருக்கு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பவுடர்களில் உள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம் எல்லாமே கணக்குப் பார்க்க வேண்டியவை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, பவுடரில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். டாக்டரிடம் டப்பாவையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக்குப் போனதும் லேபிளைப் பாருங்கள். ஒரு டம்ளருக்கு 200 கலோரி என்று போட்டிருந்தால், மூன்று வேளையும் அதையே குடிப்பவருக்கு மொத்தமே 600தான். அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். வயதானால் கொஞ்சம் குறையும், ஆனால் 600-க்கு இறங்காது. புரதமும் அப்படித்தான். எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு சுமார் 50 கிராம். உங்கள் டம்ளரில் எத்தனை கிராம் என்று பாருங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் பவுடர் வேறு, சாப்பாட்டுக்குப் பதிலாகவே தயாரிக்கப்பட்ட பவுடர் வேறு. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். நாம் வீட்டில் அரைக்கும் சத்துமாவும் நல்ல உணவுதான், ஆனால் அதுவும் முழுச் சாப்பாடு ஆகாது.

இளைஞர்களுக்கு: மீட்டிங் இழுத்துவிட்ட நாளில் ஒரு வேளை டம்ளரோடு போகட்டும். பிஸ்கெட்டும் டீயுமாக ஓட்டுவதைவிட அது மேல். தினசரிப் பழக்கமாக வேண்டாம்.

பெரியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அம்மாவோ அப்பாவோ “பசியில்லைம்மா, பவுடர் போதும்” என்றால், உடனே அடுத்த டப்பாவை ஆர்டர் செய்துவிடாதீர்கள். பல் செட் உறுத்துகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா, மாத்திரையால் வாய் கசக்கிறதா, ஒரு ஆளுக்காக ஏன் சமைக்க வேண்டும் என்ற அலுப்பா என்று கேளுங்கள். முதல் மூன்றுக்கும் டாக்டர் இருக்கிறார். நாலாவதுக்கு நாம்தான் மருந்து. குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், வேகவைத்த முட்டை, ஒரு மசித்த காய் என்று ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்குச் சங்கத்தின் தீர்மானம் எதுவும் தேவையில்லை. முடிந்தால் கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மாதம் ஒரு நாள் எடை பாருங்கள், காலண்டரில் குறித்து வையுங்கள். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 60 கிலோ 57 ஆகிவிட்டால் அதைப் பவுடரால் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.